பச்சைக் குச்சிகள்

சென்னையில் ஒரு கம்பெனியில் எனக்கு எண்களோடு வேலை. யாரோ விற்றதையும் யாரோ வாங்கியதையும் எண்களாக வாங்கி, பிழை நீக்கி, படமாகப் போட்டு மேலிடத்துக்கு அனுப்புவேன். மேலிடம் பார்த்துவிட்டு "நல்லா இருக்கும்மா" என்று சொல்லும். அதற்குப் பிறகு அந்தப் படம் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. இப்படி வருஷக்கணக்காகப் படம் போட்டிருக்கிறேன். கலருக்காகச் சண்டை போட்டிருக்கிறேன், எழுத்தின் அளவுக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு வட்டத்தை எடுத்து அதைக் கேக் மாதிரி கண்டபடி வெட்டிக் கலர் அடிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை ஆபீஸில் இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்தார்கள். தரவைக் கதையாகச் சொல்வது எப்படி என்று தலைப்பு. யாருக்குச் சொல்கிறோம், கேட்டுவிட்டு அவர் என்ன முடிவு எடுக்க வேண்டும், அந்த எண்ணுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது, இந்த மூன்றும் தெரியாமல் படத்தில் கை வைக்காதீர்கள் என்றார் பயிற்சி கொடுக்க வந்தவர். நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எண் எண்தான், கதை கதைதான், இரண்டையும் எதற்குக் குழப்புகிறார் இந்த மனுஷன் என்று நினைத்தேன். மதியச் சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது. அவர் சொன்னது புரிய எனக்கு ஒரு ஐஸ் அறையும் என் அண்ணியின் வாயும் தேவைப்பட்டன.

என் வீடு பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுப் பக்கத்தில் ஒரு குப்பம். காலையில் பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து மின்சார ரயில். அனுப்பம்பட்டு தாண்டுவதற்குள் ஜன்னலோரம் இடம் பிடித்தால் அன்றைய நாள் எனக்கு நல்ல நாள். அப்பாவை, அதாவது எங்கள் நைனாவை, ஏரி சம்பாதிக்க வைத்தது. நைனா என்னைப் படிக்க வைத்தார். அண்ணன் இப்போதும் படகுதான். அண்ணன் மனைவி, என் அண்ணி, கரையில் பெண்களைச் சேர்த்து ஒரு குழு நடத்துகிறார். படகு கொண்டுவரும் இறாலை வாங்கி, கழுவி, தரம் பிரித்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைத்து நேராகச் சென்னைக்கு அனுப்பும் குழு. அதற்கு முன்னால் கரைக்கு வருகிற வியாபாரி என்ன விலை சொல்கிறாரோ அதுதான் விலை. பேசினால் அடுத்த படகுக்கு நகர்ந்துவிடுவார். அண்ணி ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு "உனுக்கு இல்ல, போ" என்று சொன்னாராம். அந்த வாயில் பிறந்ததுதான் குழு.

சென்னையில் பல ஓட்டல்களுக்குச் சரக்கு கொடுக்கும் ஒரு நிறுவனம் எங்கள் இறாலை எடுத்துக்கொண்டிருந்தது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் அவர்கள் வண்டி வரும். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்று நாங்கள் நினைத்தோம். பிறகு அந்த நிறுவனத்தின் கொள்முதல் மேலாளரிடமிருந்து அண்ணியின் போனுக்கு ஒரு படமும் நான்கு வரியும் வந்தன. உங்கள் சரக்கு வரத்தை நம்ப முடியவில்லை, ஒருநாள் பெட்டி நிறைகிறது, இரண்டு நாள் பாதிகூட இல்லை, எந்த நாள் நிறையும் என்றும் சொல்ல முடியவில்லை, இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். படத்தில் வண்டி வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குச்சி. ஒன்று உயரம், அடுத்த மூன்றும் குட்டை, திடீரென்று மறுபடி உயரம். பார்த்தால் பல் போன ரம்பம் மாதிரி இருந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும் என்று குழுவின் ஐஸ் அறையில் இருந்த யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மறுநாளே அந்த வியாபாரியின் முன்னால் கூடையோடு நிற்க வேண்டும். அதுவும் "உனுக்கு இல்ல, போ" என்று சொன்ன பிறகு. அண்ணி அன்று சாப்பிடவில்லை. அவர் சாப்பிடாமல் நான் பார்த்ததில்லை என்பதால் எனக்குப் பயமாகவே இருந்தது.

"விடு அண்ணி, இது என் வேலை" என்று சொல்லி நான் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அந்த நாள்வாரிக் கணக்கை வாரக் கணக்காக மாற்றிப் போட்டேன். அடடா, நேர்கோடு! ஒரே ஒரு வாரம் தவிர, எந்த வாரத்தை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு இறால். வெற்றி என்று கையைத் தட்டிக்கொண்டு அதை மேலாளருக்கு அனுப்பச் சொன்னேன். அரை மணியில் பதில் வந்தது. "எங்கள் ஓட்டல்களில் மக்கள் தினமும் சாப்பிடுகிறார்கள், வாரத்துக்கு ஒருமுறை அல்ல." எனக்குக் காது வரை சூடேறியது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் அதிகமாகச் சூடேறியது.

அண்ணி விடவில்லை. போனில் அவரிடம், "வேணாம்னு சொல்றதா இருந்தா எங்க மூஞ்சியப் பார்த்து சொல்லுங்க சார், நாங்க வர்றோம்" என்று கேட்டு ஒரு நேரம் வாங்கிவிட்டார். அதற்கு நான் தயாரானேன். ஞாயிற்றுக்கிழமை ஐஸ் அறைச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, ஆபீஸிலிருந்து கடன் வாங்கிய புரொஜெக்டரை வைத்துக் குழுப் பெண்களுக்கு ஒத்திகை காட்டினேன். சராசரி, வளர்ச்சி, இறாலின் தரம், மாதவாரி ஒப்பீடு என்று எனக்குத் தெரிந்த அத்தனை வித்தையும் அதில் இருந்தது. ஆறாவது படத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள். எட்டாவதில் இன்னொருத்தி கேட்டாள்.

"இன்னாமே இது, பொங்கலுக்குப் போட்ட கோலமா?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இதெல்லாம் வேணாம்," என்றார் அண்ணி. "கதை சொல்லணும்னு உங்க ஆபீஸ்லயே சொன்னாங்கன்னு நீதானே சொன்ன? நான் சொல்றேன் பாரு கதை." எழுந்து நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். புயலில் போன படகு, வெள்ளத்தில் போன வலை, பள்ளிக்கூடக் கட்டணம், அடகு வைத்த தாலி. அதில் பாதி நடந்தது, பாதி டிவியில் பார்த்தது. முடிக்கும்போது முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்கள்.

"அழுதுட்டு அந்தாளு இன்னா செய்வாரு? பாவம்னு சொல்லிட்டு, டீ வாங்கிக் குடுத்து அனுப்பிடுவாரு," என்றேன். "நாம இன்னா பிச்சையா கேக்கப் போறோம்?"

"உன் படத்தப் பார்த்தா தூங்கிடுவாரு. அழறது மேல்."

வாக்குவாதம் முற்றி, வேட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கோபம் எனக்குச் சட்டென்று வரும், சட்டென்று போகாது. ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்தியது. என் படங்களில் யாருமே இல்லை. அண்ணியின் கதையில் இறாலே இல்லை.

மறுநாள் விடுப்பு எடுத்திருந்தேன். திங்கட்கிழமை, வண்டி வரும் நாள். ஐஸ் அறைக்குப் போனால் பெட்டிகள் பாதிக்கும் கீழே. கரையோரம் கைவலையில் கிடைத்த கொஞ்சம், அவ்வளவுதான். ஓட்டுநர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நின்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "ஊரே வேலை போற நிலைமையில இருக்கு, இன்னிக்குக்கூட இவ்ளோதானா?" என்று கத்தினேன். ஐஸ் அறை மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

"இன்னிக்கு நம்ம பாடு இல்லியே," என்றார் அண்ணி, சூரியன் கிழக்கே உதிக்கும் என்பதை எனக்குச் சொல்லித்தருகிற குரலில்.

பாடு என்றால் முறை. கடலும் ஏரியும் சேர்கிற முகத்துவாரத்துப் பக்கம் இறால் ஏறிவருகிற இடம் மூன்று ஊருக்குப் பொது. ஒருநாள் எங்கள் ஊர் வலை போடும், மறுநாள் அடுத்த ஊர், அதற்கு மறுநாள் மூன்றாவது ஊர், பிறகு மறுபடி நாங்கள். முறை இல்லாத நாளில் அங்கே வலை இறக்க யாருக்கும் மனசு வராது. எங்களுக்கு முன்னால் யார் யாரோ உட்கார்ந்து பேசி வைத்த நியாயம், இன்றும் மாறாமல் நடக்கிறது. ஏரிக்கரையில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பதே "இன்னிக்கு யார் பாடு?" என்றுதான். சாப்பிட்டாச்சா என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

இது எனக்குத் தெரியாதா? பால் குடிக்கிற வயதிலிருந்து தெரியும். தெரிந்ததால்தான் தோன்றவே இல்லை. அண்ணி அந்த மேலாளரிடம் இத்தனை மாதமாகப் பேசியிருக்கிறார். ஐஸ் பற்றி, விலை பற்றி, ஓட்டுநரின் திமிர் பற்றி, மேலாளர் பெண்ணின் கல்யாணம் பற்றிக்கூடப் பேசியிருக்கிறார். பாடு பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. உலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும் என்று எங்கள் ஊர் மொத்தமும் நம்பிக்கொண்டிருந்தது. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற மனுஷருக்குத் திங்கள் தெரியும், புதன் தெரியும். பாடு எப்படித் தெரியும்?

நான் அங்கேயே, ஈரத் தரையில், கவிழ்த்து வைத்த கூடை மேல் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன். எந்த நாள் யார் பாடு என்று அறியப் பதிவு எதுவும் தேவையில்லை. நேற்று நாங்கள் என்றால் அதற்கு மூன்று நாள் முன்னால் நாங்கள், அதற்கும் மூன்று நாள் முன்னால் நாங்கள். பின்னோக்கி எண்ணிக்கொண்டே போனேன். கோயில் திருவிழாவுக்கு ஏரியில் யாரும் இறங்காத நாள்களில் முறை நகருமா, நிற்குமா என்று சந்தேகம் வந்தபோது நைனாவுக்குப் போன் போட்டேன். "அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும்மா, நாம போவலன்னா அது நம்ம நஷ்டம்," என்றார். மேலாளர் அனுப்பிய அதே படத்தை எடுத்தேன். எங்கள் பாடு வந்த நாள்களின் குச்சிக்குப் பச்சை அடித்தேன். மற்றதற்கெல்லாம் சாம்பல்.

உயரமான குச்சி அத்தனையும் பச்சை. குட்டையானது ஏறக்குறைய அத்தனையும் சாம்பல். எனக்கு உடம்பு சிலிர்த்தது. "அண்ணி!" என்று நான் போட்ட சத்தத்தில் ஒருத்தி இறால் தட்டைக் கீழே போட்டாள்.

ஒரு பச்சைக் குச்சி மட்டும் குட்டையாக இருந்தது. அண்ணி குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "அது எந்த நாள்னு எனுக்குத் தெரியும். அசிங்கம். அத்த எடுத்துடு," என்றார். நான் எடுக்க மாட்டேன் என்றேன். அவர் ஒத்தைக் குச்சிதானே என்றார். "ஒண்ண எடுத்தா மீதி எல்லாத்தையும் அவரு நம்ப மாட்டாரு, நானும் நம்ப மாட்டேன்," என்று மறுபடி கத்தினேன். அன்றைக்கு என் குரலுக்கு நல்ல வேலை.

படம் தயார். ஆனால் அதைப் பார்த்துவிட்டு அவர் என்ன செய்ய வேண்டும்? அந்தப் பயிற்சியில் கேட்ட கேள்வி, வெகுநாள் கழித்து, இறால் வாசனைக்கு நடுவில் என் முன்னால் வந்து நின்றது. வண்டி நாளை மாற்றச் சொன்னால் ஓட்டல்கள் ஒப்புக்கொள்ளாது. அப்போதுதான் இன்னொன்றைக் கண்டுபிடித்தேன். வண்டி வருவது வாரத்தில் மூன்று நாள், ஊரும் மூன்று. எந்த வாரத்தை எடுத்தாலும் திங்கள், புதன், வெள்ளி மூன்றும் மூன்று ஊருக்கும் ஆளுக்கு ஒன்றாக விழுந்தன. இந்த வாரம் திங்கள் எங்களுக்கு என்றால் அடுத்த வாரம் புதன் எங்களுக்கு, அதற்கு அடுத்த வாரம் வெள்ளி. ஒரு வாரம்கூட ஒருவரும் விடுபடவில்லை. எதையுமே மாற்ற வேண்டாம். வண்டி அதே நாளில், அதே ரோட்டில் வரட்டும். நிற்கும் ஊர் மட்டும் மாறட்டும்.

மற்ற இரண்டு ஊரிலும் இதேபோல் பெண்கள் குழு இருந்தது. அதில் ஒரு குழுவின் தலைவிக்கும் அண்ணிக்கும் ஒரு கல்யாணப் பந்தியில் தொடங்கிய மனஸ்தாபம், பேச்சுவார்த்தையே இல்லை. "நம்ம ஆர்டர அவுங்களுக்கு நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அண்ணி.

"அந்த ரெண்டு நாளும் உன்கிட்ட இன்னா இருக்கு? காலிப் பொட்டி. அத்த வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற? ஏரியில அவுங்களுக்கு உண்டான நாள அவுங்களுக்கு உடுறோம்ல, கரையில மட்டும் எதுக்கு உட மாட்டோம்?"

அண்ணி என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது, "ஒத்துக்கினாங்க. ஆனா பந்தி விஷயத்துல தப்பு அவ மேலதான்," என்றார்.

சென்னைக்கு நாங்கள் இரண்டு பேரும் ரயிலில் போனோம். அண்ணி கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில் வந்திருந்தார். மீஞ்சூரில் ஏறும் தொழிற்சாலைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தால் அது கசங்கிவிடும் என்று சொல்லி, வழி நெடுக நின்றுகொண்டே வந்தார். மேலாளர் மரியாதையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், கடிகாரத்தைப் பார்த்தார். நான் இரண்டே படம் கொண்டுபோயிருந்தேன்.

முதல் படம் அவர் அனுப்பியதுதான். "இது உங்க படம் சார். இதுல ஒரு தப்பும் இல்ல," என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியமாக நிமிர்ந்தார். அடுத்து பச்சையடித்த படத்தை வைத்தேன். பாடு என்றால் என்ன என்று அண்ணி சொன்னார். புயல் இல்லை, தாலி இல்லை. மூன்று ஊர், ஒரு இடம், ஆளுக்கு ஒருநாள். "எங்க நாளுல உங்க வண்டி வந்தா பொட்டி நெறஞ்சிருக்கும் சார். அடுத்தவங்க நாளுல எங்க வாசல்ல வந்து நின்னா நாங்க இன்னா பண்றது?"

அவர் படத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு குச்சியாகத் தொட்டுக்கொண்டே போனார். நானும் ஆபீஸில் அதைத்தான் செய்வேன். பொய்யைத் தேடுகிறார் என்று தெரிந்தது. விரல் அந்தக் குட்டைப் பச்சையில் நின்றது.

"இது உங்க நாள்தானே?"

அண்ணி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்க நாளுதான் சார். அன்னிக்கு வலை நெறஞ்சு வந்துச்சு. உங்க வண்டி மீஞ்சூராண்ட ரிப்பேராயி சாய்ங்காலம்தான் வந்துச்சு. எங்களுக்கும் கரண்ட் இல்ல, ஐஸ் கரைஞ்சு போச்சு. பாதி எறா தல கறுத்துடுச்சு. உங்க டிரைவர் பரவால்ல ஏத்துங்கன்னு சொன்னாரு. நாங்கதான் ஏத்த மாட்டோம்னு ஒதுக்கிட்டோம். கறுத்த எறாவ எங்க பேர் போட்ட பொட்டியில அனுப்பறது அசிங்கம்."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். அந்த நாளையும் எங்கள் குறையாகவே எண்ணியிருந்தவர் அவர். போனை எடுத்து யாரையோ கேட்டார், அன்று வண்டி எத்தனை மணிக்குத் திரும்பியது என்று. பதில் வந்ததும் போனை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

"சரி. நான் இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க."

இந்தக் கேள்விக்காக நான் செத்துப் பிழைத்திருந்தேன். பதில் ஒரே வாக்கியம். வண்டி அதே நாளில் வரட்டும், யார் பாடோ அந்த ஊரில் நிற்கட்டும். அவர் மூன்று வாரத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "இதுக்கா நான் உங்களை நிறுத்தப் பார்த்தேன்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது அந்தப் படத்தை நான் எடுக்கப்போனேன், இருக்கட்டும் என்று வாங்கித் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார். என் வேலையில் நான் போட்ட ஒரு படத்தை யாரும் இப்படி வைத்துக்கொண்டதில்லை. லிஃப்ட் கதவு மூடியதும் அண்ணி என்னைக் கட்டிப்பிடித்தார். பட்டுச்சேலை கசங்கியது, அவர் கவலைப்படவில்லை. திரும்பும் ரயிலில் வறுத்த வேர்க்கடலை வாங்கி, பெட்டியில் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே வந்தார்.

இப்போது ஆபீஸில் யாராவது என்னிடம் படம் கேட்டால், பார்த்துவிட்டு என்ன செய்யப் போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். உங்களுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாதது என்ன என்று அடுத்து கேட்கிறேன். திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கியாயிற்று. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை.

மூன்று ஊர் ஏற்பாடு ஓட ஆரம்பித்த சில வாரத்தில் ஒரு விடுமுறை நாள், நானும் ஐஸ் அறையில் இருந்தேன். அண்ணியின் போன் அடித்தது. மேலாளர். கை ஈரமாக இருந்ததால் அண்ணி முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினார். ஓட்டுநர் புதுசு, வழி கேட்கிறார் என்று ஆரம்பித்தவர், சென்னையில் அந்த ஏசி அறையிலிருந்து, ஏரிக்கரையில் பிறந்தவர் மாதிரி வெகு சாதாரணமாகக் கேட்டார்.

"அம்மா, நாளைக்கு யார் பாடு?"

இறால் உரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றுவிட்டன. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணி என்னைப் பார்த்தார், பிறகு அறை மொத்தத்தையும் பார்த்தார், பிறகு போனைப் பார்த்துச் சொன்னார்.

"எங்க பாடுதான் சார். வண்டிய அனுப்புங்க."